இன்று ஒரு சிந்தனை

அப்பாவின் கால் பெருவிரல்களைச் சேர்த்துக் கட்டிக்கொண்டிருந்தான் திவாகர். துணி வழுக்கிக்கொண்டே இருந்தது.

"இறுக்கிக் கட்டு தம்பி. எஸ்டேட்டுல கணக்கெழுதுற கிராணியா இருந்தவரு. எது லூஸா இருந்தாலும் அவருக்குப் பிடிக்காது," என்றார் தம்புசாமி மாமா.

பாயா ரும்புட்டில் இருந்த அப்பா வீட்டு வாசலில் கூடாரம் போட்டிருந்தார்கள். வந்தவர்களுக்கெல்லாம் ஒரே பேச்சுதான். அப்பா நல்லமுத்து தினமும் வாட்சாப்பில் அனுப்பும் சிந்தனை இனி வராது. 'மேப் வந்ததும் வழியை மறந்தோம். கால்குலேட்டர் வந்ததும் வாய்ப்பாட்டை மறந்தோம். இப்போது யோசிக்கவே மெஷின் வந்திருக்கிறது. இனி எதை மறப்பதாக உத்தேசம்?' இது போன வாரத்துச் சிந்தனை. குடும்பக் குழுவே அதற்குக் கட்டைவிரலைத் தூக்கியது. திவாகரும் தூக்கினான், படிக்காமலே.

நேற்றுக் காலையில் வந்ததை அவன் படித்தது பிணவறை வாசலில்தான்.

'இன்று ஒரு சிந்தனை: விடிந்ததிலிருந்து நெஞ்சு கனக்கிறது. இப்படிப்பட்டவன் தானே கார் ஓட்டிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போவது தன்மானமா, முட்டாள்தனமா? பிள்ளைகள் சொல்லலாம்.'

மனுஷன் கடைசி வரை நக்கலை விடவில்லை. அம்மா போனபிறகு தனியாக இருந்தவர், 'வாடா' என்று ஒரு வார்த்தை கூப்பிட வாய் வராமல் தத்துவம் பேசியிருக்கிறார். பிள்ளைகளும் பதில் சொன்னார்கள். புக்கிட் பெருவாங்கில் ஒரு கடையில் ரொட்டி சானாய் தின்றுகொண்டே திவாகர் கட்டைவிரலைத் தட்டி அனுப்பினான். தங்கை அகல்யா கைகூப்பினாள். மாமா ரோஜாப்பூ வைத்தார். பக்கத்து வீட்டுக்காரர் பார்த்தபோது அப்பா பெல்ட் போட்டபடி காரில் சாய்ந்திருந்தார். இன்ஜின் ஓடிக்கொண்டிருந்தது.

"நான் போட்ட கட்டைவிரல டெலிட் பண்ணிரவா?" என்று காலையில் அகல்யாவிடம் கேட்டுவிட்டான்.

"பண்ணாலும், பண்ணதுன்னு காட்டும்லா."

கேட்டதற்கே அவனுக்குக் கூசியது. அப்பா போய்ச் சேர்ந்துவிட்டார், அவன் இன்னும் மானத்தைக் காப்பாற்றிக்கொண்டிருக்கிறான்.

குளிப்பாட்டி, பெட்டியில் வைத்து, வாய்க்கரிசியும் போட்டாயிற்று. மாமா கையைத் தட்டிக் கூட்டத்தை அமர்த்தினார்.

"பெட்டியத் தூக்குறதுக்கு முன்ன மச்சானோட கடைசிச் சிந்தனைய வாசிச்சிரு தம்பி. அதான் அவருக்கு மரியாதை."

மாமாவின் முகத்தில் கள்ளமே இல்லை. ரோஜாப்பூ வைத்தது எதற்கென்று அவருக்கு இன்னும் தெரியாது.

அகல்யா அருகில் வந்து முணுமுணுத்தாள். "போன வாரத்தத வாசிண்ணே. யாருக்குத் தெரியப்போவுது?"

யாருக்கும் தெரியாதுதான். விரல் போன வாரத்துக்குப் போயும்விட்டது. மெஷின், வாய்ப்பாடு, எல்லாரும் சிரிப்பார்கள், பிழைத்துக்கொள்ளலாம். திறந்த பெட்டியில் அப்பாவின் முகம் தெரிந்தது. திவாகர் நேற்றைக்கே திரும்பி வந்து, ஒரு வார்த்தை விடாமல் வாசித்தான். 'பிள்ளைகள் சொல்லலாம்' என்று முடித்துவிட்டுப் போனை இறக்கினான்.

"நான் இதுக்கு லைக் போட்டேன்," என்றான்.

கூடாரத்தில் தலைகள் மெல்ல ஆடின. கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்த மாமா, "அருமை," என்றார்.

பின்வரிசையிலிருந்து யாரோ எட்டிப் பார்த்தார். "நல்லாருக்கு தம்பி. எனக்கும் ஒன்னு ஃபார்வர்ட் பண்ணு."

அகல்யா தன் போனைக் கவிழ்த்து நாற்காலியில் வைத்துவிட்டு, பெட்டியின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டாள்.