பலிபீடத்தின் முன் நனைந்த கம்பளம்

குருத்தோலை ஞாயிறன்று, மக்கள் பார்வையை மறைக்கும் திரை இழுத்திருந்த நேரத்தில், எங்கள் பாதிரியார் ஸ்கரியா அச்சன் பலிபீடத்தின் முன்னால் நின்றபடியே சிறுநீர் கழித்துவிட்டார். கழித்தார் என்பது சரியில்லை. நிரம்பிப்போய் வழிந்தது. பார்த்தவன் நான் ஒருவன்தான்.

நான் அந்தத் தேவாலயத்தின் கப்பியார். மணியடிப்பது, தூபக்கலசத்துக்குக் கங்கு போடுவது, குர்பானா என்னும் பலிபூசை நேரத்தில் அச்சனுக்கு அருகில் நின்று எடுத்துக்கொடுப்பது என் வேலை. எங்கள் சபையில் பாதிரியார் அங்கி அணிந்து குர்பானாவைத் தொடங்கிவிட்டால் முடியும்வரை பலிபீடத்தை விட்டு நகரக் கூடாது. இரண்டு மணி நேரமானாலும் அப்படித்தான். முந்தின நாள் நள்ளிரவு தாண்டினால் சொட்டுத் தண்ணீரும் கிடையாது.

அச்சன் ஒரு வருடமாகவே சனிக்கிழமை மாலை ஆறு மணிக்குத் தண்ணீரை நிறுத்திவிடுவார். ராத்திரி நான்கு முறை எழுகிறார் என்று அவர் மனைவி என்னிடம் சொல்லியிருந்தார். எல்லோருக்கும் அவர் கொச்சம்மா. டாக்டரிடம் போகச் சொன்னால் அச்சன், "வயசானா எல்லாருக்கும் இப்படித்தான்" என்பார்.

அன்று அவர் முகம் மெழுகு நிறத்தில் இருந்தது. ஒரு கையால் பீடத்தின் விளிம்பைப் பிடித்திருந்தார். கால்களுக்கு நடுவே கம்பளத்தில் ஈரம் பரவுவதைப் பார்த்தேன். அவரும் பார்த்தார். ஜெபத்தில் ஒரு சொல்கூடத் தவறவில்லை. திரை விலகியபோது, தரைவரை தொங்கிய அங்கி எல்லாவற்றையும் மறைத்துவிட்டது. குருத்தோலையோடு நின்ற முன்னூறு பேருக்கும் எதுவும் தெரியவில்லை.

முடிந்ததும் உடை மாற்றும் அறையில் சுவரோரம் சரிந்தார். வயிறு கல்லாக வீங்கியிருந்தது. ரான்னியில் ஆற்றுக்கு அந்தப் பக்கம் இருந்த ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். குழாய் போட்டதும் ஒன்றேகால் லிட்டர் வந்தது. அது வடிய வடிய அச்சன் அழுதார். வலி போனதால் அழுகிறார் என்று நர்ஸ் நினைத்தாள். அன்று ராத்திரி கம்பளத்தை நானே கழுவினேன்; கொச்சம்மாவிடம் மட்டும் சொன்னேன்.

டாக்டர் ஷமீல் கேட்டார்: "ரெண்டு மூணு நாளா புதுசா ஏதாச்சும் மருந்து சாப்பிட்டீங்களா அச்சா? சளி மாத்திரை மாதிரி? அதுல சிலது மூத்திர வாசலையே இறுக்கிப் பூட்டிடும்."

"ஒன்னும் இல்ல," என்றார் அச்சன். அவ்வளவு வலிக்குப் பிறகு அவருக்கு எது நினைவிருக்கும்?

எனக்கு நினைவிருந்தது. அவருக்கு மூக்கடைத்து, குரல் கம்மியிருந்தது. சனிக்கிழமை மருந்துக்கடையில் நான்தான் மாத்திரை வாங்கிக் கொடுத்தேன். காலையில் ஒன்று, ராத்திரி ஒன்று என்று கடைக்காரன் சொன்னான். காலையில் சாப்பிட்டால் விரதம் முறியும். அதனால் நான்தான் சொன்னேன்: "பன்னெண்டு அடிக்கறதுக்கு முன்னாடி ரெண்டையும் சேத்துப் போட்டுடுங்க. காலையில குரல் மணி மாதிரி இருக்கும்." அவர் அப்படியே செய்தார். குரல் மணி மாதிரிதான் இருந்தது.

டாக்டர் கேட்டபோது நான் கட்டில் பக்கத்திலேயே நின்றிருந்தேன். வாய் திறக்கவில்லை.

மூத்திரப்பைக்குக் கீழே இருக்கும் புரோஸ்டேட் சுரப்பி எலுமிச்சை அளவுக்குப் பெருத்துவிட்டது என்றார்கள். வழக்கமான ஆபரேஷனுக்கு ரத்தத்தை இளக்கும் மாத்திரையை நிறுத்த வேண்டும். அச்சனுக்கு இதயத்தில் ஸ்டென்ட் வைத்து ஏழு மாதம்தான். நிறுத்த முடியாது. டாக்டர் ஷமீல் வேறு வழி சொன்னார். மணிக்கட்டு ரத்தக்குழாயில் நூல் போன்ற ஒரு குழாயை விட்டு, சுரப்பிக்குப் போகும் ரத்தத்தை ரவையைவிடச் சின்ன மணிகளால் அடைப்பார்கள். கத்தி கிடையாது, மயக்கமும் கிடையாது. பட்டினி போட்ட சுரப்பி மெல்லச் சுருங்கும்.

"மெல்லன்னா?" என்று கொச்சம்மா கேட்டார்.

"வாரக்கணக்கில். அதுவரைக்கும் குழாய் இருக்கட்டும். அப்புறம் எடுத்துப் பாப்போம். சில பேருக்கு ஒத்துவராமலும் போகும். இப்பவே சொல்லிடறேன்."

ஈஸ்டர் முடிந்த வாரத்தில் செய்தார்கள். ஒன்றரை மணி நேரம். மறுநாள் மணிக்கட்டில் சின்னப் பிளாஸ்திரியோடும் தொடையில் கட்டிய பையோடும் வீட்டுக்கு வந்தார். நான்கு நாள் எரிச்சல், காய்ச்சல். பிறகு அதுவும் நின்றது.

ஆனால் மனிதர் பேசுவதை நிறுத்திவிட்டார். ஞாயிற்றுக்கிழமை அக்கரை அச்சன் வந்து குர்பானா நடத்தினார். வெறும் ஜெபத்துக்காவது வந்து உட்காரச் சொன்னேன்.

"மூத்திரப் பையைத் தொங்கவிட்டுக்கிட்டா? அந்த இடத்தை ஒரு தடவ நாசம் பண்ணினது போதும் தொம்மி. முப்பத்தி நாலு வருஷம் நின்னேன். கர்த்தர் போதும்னு சொல்லிட்டார். எப்படிச் சொன்னார்னு நீயே பாத்தே."

தேவாலயக் கமிட்டியில் வரவு செலவு பார்க்கும் கைக்காரர் இட்டியேரா நான்கு இளநீரோடு நலம் விசாரிக்க வந்தார்.

"அச்சன் நல்லா ரெஸ்ட் எடுக்கணும். நாங்க பிஷப் திருமேனியைப் பாத்துப் பேசிட்டோம். ஜூன்ல ஒரு சின்ன அச்சன் வர்றார். கிட்டார் எல்லாம் வாசிப்பாராம்."

கொச்சம்மா இளநீரை வாங்கித் தரையில் வைத்தார். "கிட்டார் வாசிச்சா ஒன்னுக்கு வராதா இட்டியேரா?"

"அதுக்கில்ல கொச்சம்மா..."

"அதுக்குத்தான்."

அவர் போன பிறகு அச்சன் சொன்னார்: "குழாயை எடுத்தப்புறம் தானாப் போச்சுன்னா நான் பீடத்துக்குப் போறேன். போகலேன்னா அந்தக் கிட்டார்க்காரனே வரட்டும். அதுக்கு மேல நான் யார்கிட்டயும் கெஞ்ச மாட்டேன்."

அடைப்பு வைத்த பதினெட்டாம் நாள் காலை எட்டு மணிக்குக் குழாயை எடுத்தார்கள். நான்கு மணி நேரம் கொடுத்தார்கள். தண்ணீர் குடிக்க வேண்டும், நடக்க வேண்டும், போக வேண்டும். போகாவிட்டால் மறுபடி குழாய். அளக்க ஒரு பிளாஸ்டிக் ஜாடி கொடுத்தார்கள். வராந்தாவில் பெஞ்சில் அவர், நடுவில் ஜாடி, இந்தப் பக்கம் நான். கொச்சம்மா டோக்கன் வரிசையில் நின்றார்.

ஒன்பதரைக்குப் போனார். ஒன்றுமில்லை. பத்தேகாலுக்குப் போனார். கதவுக்கு வெளியே நின்று கேட்டேன். உள்ளே அவர் மூச்சுச் சத்தம் மட்டும். வெளியே வந்தபோது ஜாடி காய்ந்திருந்தது.

"கேட்டியா தொம்மி? கர்த்தர் மனசு மாறல."

அதற்கு மேல் என்னால் தாங்க முடியவில்லை. பாவம் பார்த்து என்று நினைக்க வேண்டாம். அவர் கடவுளைக் குறை சொல்லிக்கொண்டிருந்தார். குற்றம் என்னுடையது. அது எனக்குப் பிடிக்கவில்லை.

"அந்த மாத்திரை, அச்சா," என்றேன். "சனிக்கிழமை ரெண்டு சேத்துப் போட்டீங்களே. டாக்டர் அதைத்தான் கேட்டார். எனக்குத் தெரிஞ்சது. சொல்லல."

அவர் என்னைப் பார்த்தார். புரிய நேரம் பிடித்தது.

"ஏண்டா, ஒரு மாசமா நான் ராத்திரியெல்லாம் முட்டி போட்டு, என்ன பாவம் செஞ்சேன், என்ன பாவம் செஞ்சேன்னு கேட்டுட்டிருக்கேன். நீ பக்கத்துல உக்காந்து இளநி குடிச்சிட்டிருந்தியா?"

"ஆமா."

"ஆமாவா!"

பெஞ்சில் இருந்த எல்லோரும் திரும்பினார்கள்.

"பயந்துட்டேன். மாத்திரையைக் கொடுத்து அச்சனைக் கொன்னுட்டான்னு சொல்லுவாங்கன்னு."

"கொன்னிருந்தா நிம்மதியா இருந்திருப்பேன் கழுதை." எழுந்தார். ஜாடியை எடுத்துக்கொண்டார். "உனக்குப் பாவமன்னிப்பெல்லாம் கிடையாது. என்கிட்ட வராதே. வேற அச்சனைப் பாரு."

கழிவறைக்குப் போனார். வெகுநேரம் வரவில்லை. கோபத்தில் உள்ளேயே நிற்கிறார் என்று நினைத்தேன். பிறகு பிளாஸ்டிக்கில் ஏதோ விழும் சத்தம் கேட்டது. விட்டு விட்டு, முதலில் சொட்டாக, பிறகு மெலிந்த கம்பிபோல.

நூற்று அறுபது மில்லி. பதினொன்றரைக்கு இருநூற்றுப் பத்து. ஸ்கேன் செய்து, உள்ளே தொண்ணூறுதான் தங்கியிருக்கிறது என்றார்கள். மூன்று மாதத்தில் இன்னும் நன்றாகும் என்றார் டாக்டர் ஷமீல். அச்சன் மாத்திரை விஷயத்தை அவரிடம் சொன்னார், என் பெயரைச் சொல்லாமல்.

"மாத்திரை மட்டும் காரணமில்ல அச்சா. கதவு ஏற்கெனவே பாதி மூடியிருந்தது. அது தள்ளிச் சாத்திடுச்சு. ஒரு வருஷம் முன்னாடியே நீங்க வந்திருக்கணும்."

காரில் கொச்சம்மா சொன்னார்: "கர்த்தருக்கு ஸ்தோத்திரம். கம்பள விஷயம் நம்ம மூணு பேரோட போகட்டும்."



அடுத்த ஞாயிறு அவரே மணியடிப்பதற்கு முன்னால் வந்துவிட்டார். அங்கி அணிவதற்கு முன், வெறும் கறுப்பு உடுப்போடு, பீடத்துக்குப் பின்னால் போகாமல் மக்கள் முன்னால் வந்து நின்றார்.

"எனக்கு சுரப்பி வீங்கற வியாதி. அதுக்கு வைத்தியம் பண்ணியிருக்கேன்," என்றார். "குருத்தோலை ஞாயித்துக்கிழமை இங்க நின்னு குர்பானா சொல்லும்போது என்னை அறியாம சிறுநீர் போயிடுச்சு. பீடத்தை விட்டுப் போகக் கூடாதுன்னு நின்னேன். யாருக்கும் தெரியாதுன்னு மறைச்சேன். மறைச்சதுதான் தப்பு. திருமேனிகிட்ட நேத்து சொல்லிட்டேன், ஜெபம் சொல்லி பீடத்தைச் சுத்தம் பண்ணிட்டு நிக்கச் சொன்னார். இங்க இருக்கறதுல பாதி ஆம்பளைங்களுக்கு ராத்திரி மூணு தடவ எழுந்திரிக்கற வயசு. நாளைக்கே டாக்டரைப் போய்ப் பாருங்க. என்னை மன்னிச்சுக்குங்க."

பெண்கள் பக்கத்தில் கொச்சம்மா முக்காட்டை இழுத்து முகத்தை மூடிக்கொண்டார். அச்சன் உள்ளே போனார்.

குர்பானாவின் நடுவே சமாதானம் கொடுக்கும் நேரம் வந்தது. அச்சனின் கையிலிருந்து நான் கையால் வாங்கி, முன்வரிசையில் இருப்பவருக்குக் கொடுக்க வேண்டும். அவர் பின்னால் இருப்பவருக்கு, அப்படியே கடைசி வரிசைவரை. அச்சன் என் உள்ளங்கைகளைத் தன் கைகளுக்குள் வைத்தார். ஒரு வாரமாக அவர் என்னோடு பேசவில்லை. இப்போதும் பேசவில்லை. ஆனால் கைகளை எடுக்க வழக்கத்தைவிட நேரமாயிற்று.

இறங்கி வந்து இட்டியேராவின் முன்னால் கைகளை நீட்டினேன். அவர் என் கைகளைப் பார்த்தார். கம்பளத்தைக் கழுவிய கைகள் இவை என்று இப்போது அவருக்குத் தெரியும். தன் கைகளை நெஞ்சோடு கட்டிக்கொண்டார்.

இரண்டாம் வரிசையிலிருந்த குஞ்ஞாப்பு, எழுபத்தைந்து வயது ரப்பர்த் தோட்டக்காரர், இட்டியேராவின் தோளுக்கு மேலாகக் குனிந்து எட்டி என் கையிலிருந்து வாங்கிக்கொண்டார். திரும்பிப் பின்னால் கொடுத்தார். அது போய்க்கொண்டே இருந்தது.

அச்சன் மக்களுக்கு முதுகு காட்டி, பீடத்தின் முன் கிழக்கு நோக்கி நின்றிருந்தார். யார் வாங்கினார்கள், யார் வாங்கவில்லை என்று பார்க்கவில்லை. அடுத்த ஜெபத்தைத் தொடங்கினார். இன்னும் ஒரு மணி நேரம் பாக்கி இருந்தது. இரண்டு கைகளையும் விரித்து, எதையும் பிடிக்காமல் நின்றார்.