கல்லில் வந்த மீசை

திறப்பு விழாவுக்கு இரண்டு நாள் முன்னால், சிலையை மூடியிருந்த சாக்கைக் கொஞ்சம் விலக்கிப் பார்த்தாள் ஆரோக்கியமேரி. பீடத்தில் 'கார்கில் வீரர் பிரேம்நாத்' என்று மகன் பெயர் பொன்னெழுத்தில் மின்னியது. மேலே நின்றவன் ஆதிகேசவன்.

பட்டாளத்துக்குப் போக, பிரேமோடு ஜோலார்பேட்டையில் ஒரே ரயில் ஏறியவன் ஆதிகேசவன். கண்ணிவெடிக்கு ஒரு காலைக் கொடுத்துவிட்டு உயிரோடு திரும்பி, இப்போது ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனி கேட்டில் வாட்ச்மேனாக உட்கார்ந்திருக்கிறான். ரயிலேறுமுன் இருவரும் தோளில் கைபோட்டு எடுத்துக்கொண்ட போட்டோ ஒன்றுதான் அவளிடம் மிச்சம். மற்றதையெல்லாம் பாலாற்று வெள்ளம் கொண்டுபோயிருந்தது. அந்த ஒரு போட்டோவைத்தான் நினைவுச்சின்னக் கமிட்டியிடம் நம்பிக் கொடுத்திருந்தாள்.

கமிட்டித் தலைவர் ராமமூர்த்தி போரைத் தொலைக்காட்சியில் பார்த்தவர். ஆனால் மைக்கைப் பிடித்தால், எல்லை ஏதோ அவர் வீட்டுக் கொல்லையில் இருப்பதுபோல் உறுமுவார்.

"ஆள மாத்திட்டீங்க சார்," என்று அவரிடம் போய் நின்றாள்.

"மாத்தலம்மா, நாந்தான் செலக்ட் பண்ணேன்," என்றார் பெருமையாக. "உன் புள்ள ஒல்லி, பல்லு வேற தூக்கினு இருக்குது. மந்திரி வந்து மாலை போடற சிலை. பாத்தா வீரன் மாதிரி இருக்க வேணாவா? ஆதிக்கு இன்னா மீசை!"

"செத்தது என் புள்ள சார்."

"பேரு அவன்துதானே போட்டுக்குது? இருவத்தஞ்சு வருஷம் ஆச்சு. அவன் மூஞ்சி யாருக்கும்மா ஞாபகம்?"

போட்டோவையாவது கொடுங்கள் என்றாள். கவரிலிருந்து பாதிதான் வந்தது. அதில் ஆதிகேசவன் மட்டும் நின்றான். அவன் தோளில், வெட்டுப்பட்ட ஓரத்திலிருந்து பிரேமின் நான்கு விரல்கள்.

"மிச்சம்?"

"ரெண்டு மூஞ்சி இருந்தா கொழப்பமாவுதுன்னு சிற்பி வெட்டிப் போட்டுட்டாராம்."

விழாவில் மந்திரி 'தியாகம்' என்ற சொல்லைப் பதினோரு முறை சொன்னார். ஆரோக்கியமேரிக்குப் போர்த்திய பொன்னாடையின் ஜரிகை கழுத்தை அறுத்தது. சிலையின் கம்பீரத்தை மந்திரி மெச்சியபோது, ராமமூர்த்தி அவளைக் கைகாட்டி, "அப்படியே தாய் சாயல்ங்க!" என்றார். கூட்டம் கைதட்டியது.

எல்லோரும் போனபிறகு, பந்தல் ஓரத்தில் ஆதிகேசவன் செயற்கைக் காலை நீட்டி உட்கார்ந்திருந்தான். மேலுதடு வெளுத்துக் கிடந்தது.

"மீசைய எடுத்துடுன்னாங்கம்மா. யாராவது கண்டுபுடிச்சிட்டா பேஜாராம்."

அவள் பக்கத்தில் உட்கார்ந்தாள். இரண்டு நாளாகக் கண்ணை மூடினால் மீசை வைத்த கல்தான் வந்து நின்றது.

"ஆதி, அவனுக்கு எந்தப் பக்கத்துப் பல்லுடா தூக்கினு இருந்துச்சு?"

"எடது பக்கம்மா."

வலது என்று சொல்ல வாயெடுத்தவள் நிறுத்திக்கொண்டாள். மடியிலிருந்து பாதிப் போட்டோவை எடுத்து, அந்த நான்கு விரல்களின் நகங்களை ஒவ்வொன்றாக உற்றுப் பார்க்கத் தொடங்கினாள்.