பதினோராவது வரி

தங்கையின் கம்ப்யூட்டரை விற்பதற்காகத் துடைக்க ஆரம்பித்தவன், பக்கவாட்டுத் தகரத்தைக் கழற்றியதும் உள்ளே தன் கையெழுத்தைப் பார்த்துக் கொஞ்சம் பெருமைப்பட்டுக்கொண்டான். அவன் பூட்டித் தரும் ஒவ்வொரு பெட்டிக்குள்ளும் இப்படி ஒரு காகிதம் ஒட்டியிருக்கும். எந்தப் பாகத்தை எதோடு ஒப்பிட்டான், ஏன் இதை எடுத்தான் என்ற விவரமெல்லாம் கட்டம் கட்டமாக இருக்கும். சர்வீஸ் கடையில் அவனுக்கு 'அட்டவணை' என்றே பெயர். மிக்ஸி வாங்குவதென்றாலும் கட்டம் போட்டுவிட்டுத்தான் கடைக்குப் போவான். பெண் பார்க்க வந்தபோதும் போட்டிருப்பான் என்று மனைவிக்கு இன்றுவரை சந்தேகம். அவனும் மறுத்ததில்லை.

இந்தக் காகிதத்தில், திரைக்குப் படம் வரைந்து தரும் கிராஃபிக்ஸ் கார்டுகள் இரண்டு, பதினோரு வரிகள். வேகம், சூடு, இழுக்கும் மின்சாரம், விசிறிச் சத்தம், கம்ப்யூட்டர் கார்ப் பந்தய விளையாட்டில் நொடிக்கு எத்தனை ஃபிரேம் படம் ஓடும், துப்பாக்கி விளையாட்டில் எத்தனை. பத்து வரிகளில் முதல் கார்டுதான் ஜெயித்திருந்தது. கடைசி வரி மெமரி. முதலாவதில் எட்டு ஜிபி, இரண்டாவதில் பதினாறு. பக்கத்தில் சிவப்பு மையில் 'தேவையில்லை' என்று எழுதி அடிக்கோடும் போட்டிருந்தான்.

பெட்டி வாங்க வந்த அன்றைக்குத் தங்கை அந்த வரியில்தான் விரலை வைத்தாள்.

"அண்ணா, இதுல மெமரி டபுளா இருக்கே. என் ஃபைல் எல்லாம் கொஞ்சம் பெருசா வரும்."

"அது டப்பா மேல பெருசா போட்டு ஆள மயக்குறதுக்கு. பத்து வரியில ஜெயிச்சது கண்ணுக்குத் தெரியல, தோத்த ஒரு வரிய புடிச்சுக்கிட்டு நிக்கிறியே?"

கடையில் இருந்தவர்கள் சிரித்தார்கள். அவளும் சிரித்துவிட்டு முதல் கார்டையே வாங்கிக்கொண்டு போனாள். இரண்டு வருடம் ஆகிவிட்டது. இப்போது நினைத்தால், அவள் மற்றவர்களைவிடக் கொஞ்சம் தாமதமாகத்தான் சிரித்தாள் என்று தோன்றுகிறது.

இன்னும் கட்டாத கட்டடங்களைக் கட்டி முடித்த மாதிரி படமாக்கித் தருவது அவளுடைய தொழில். சுவர், ஜன்னல், நாற்காலி எல்லாவற்றையும் கம்ப்யூட்டரில் வரைந்து வைத்தால், எந்த வெளிச்சம் எங்கே விழும் என்று கார்டு கணக்குப் போட்டு ஃபோட்டோபோல ஆக்கித் தரும். சின்னச் சின்ன அறைகளாகச் செய்துகொண்டிருந்தவளுக்கு முதல் பெரிய வேலை ஒரு நூலகத்தின் வாசிப்புக் கூடம். அது கைக்கு எட்டி வாய்க்கு எட்டாமல் போயிற்று. அவள் கொடுத்த படத்தில் கூடம் மொட்டையாக இருக்கிறது என்று வேறு ஆளிடம் கொடுத்துவிட்டார்கள். அதற்குப் பிறகு அவள் புது வேலை எதுவும் எடுக்கவில்லை. நாளை முதல் டைல்ஸ் கடையில் வரவேற்பு மேசை. "இந்தத் தொழில் எனக்கு வரலண்ணா, இத நல்லபடியா தள்ளி விட்டுடு" என்று காலையில் பெட்டியைக் கொண்டுவந்து வைத்தாள். ஆறு மணிக்கு எடுத்துப்போக ஆள் வருகிறது.

டிஸ்க்கை அழிப்பதற்கு முன் கார்டு ஒழுங்காக ஓடுகிறதா என்று சோதிக்க ஒரு ஃபைல் வேண்டியிருந்தது. அவளுடைய ஃபோல்டரைத் திறந்தான். 'கூடம் 1' என்று தொடங்கி 'கூடம் 14' வரை வரிசையாக இருந்தன. முதலாவதைப் போட்டான். கார்டில் மெமரி போதவில்லை என்று நின்றுவிட்டது. இரண்டாவதும் நின்றது. மூன்றில் செடிகளைக் காணோம். ஐந்தில் அலமாரிகளிலிருந்து புத்தகங்கள் போயிருந்தன. எட்டில் படித்துக்கொண்டிருந்த மனிதர்கள் போனார்கள். பதினொன்றில் நாற்காலிகள் வரிசை வரிசையாகப் போயின. பதினான்காவது மட்டும் தடங்கலில்லாமல் ஓடி முடிந்தது. பெரிய வெறும் கூடம், நடுவில் ஒரு மேசை, நான்கு நாற்காலி.

அப்போதுதான் அவளிடமிருந்து முன்பு வந்த ஒரு ஃபோன் அவனுக்கு ஞாபகம் வந்தது. ஏதோ ஒரு பிரிண்டரோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தபோது கூப்பிட்டிருந்தாள். மெமரி போதவில்லை என்று வருகிறது, என்ன செய்வது என்று கேட்டாள். "உள்ள குப்பைய சேத்து வச்சிருப்ப. வேண்டாததத் தூக்கிப் போடு" என்று சொல்லி வைத்துவிட்டான். ஒரு நிமிடம்கூடப் பேசியிருக்க மாட்டான். அவள் பதிமூன்று முறை தூக்கிப் போட்டிருக்கிறாள்.

அலமாரியில் அந்த இரண்டாவது வகைக் கார்டு ஒன்று, யாரோ கொடுத்துவிட்டு வேறு மாற்றிக்கொண்டு போனது, தூசி படிந்து கிடந்தது. எடுத்துப் பூட்டினான். 'கூடம் 1'-ஐப் போட்டான். விசிறி இரைந்தது. வேகமில்லாத கார்டுதான், பத்து வரியும் பொய்யில்லை. ஆனால் அது நிற்கவில்லை. அரை மணி நேரத்தில் மொத்தக் கூடமும் வந்துவிட்டது. உயரமான ஜன்னல்கள், சாயங்கால வெயில், ஒவ்வொரு புத்தகத்தின் முதுகும் தனித்தனி நிறத்தில். ஒரு நாற்காலியின் முதுகில் யாரோ ஸ்வெட்டரை மாட்டிவிட்டுப் போயிருந்தார்கள். தன் தங்கைக்கு இவ்வளவு தெரியும் என்பது அவனுக்குத் தெரிந்திருக்கவில்லை. அவள் வேலையை அவன் உட்கார்ந்து பார்த்ததே கிடையாது. மானிட்டரை அணைத்துவிட்டுப் பேசாமல் இருந்துவிடலாமா என்றுகூட நினைத்தான். நினைத்ததற்காகத் தன்மேலேயே எரிச்சல் வந்தது.

ஐந்தே முக்காலுக்கு அவள் வந்தாள். கையில் டைல்ஸ் கடை கொடுத்த புதுச் சட்டைப் பொட்டலம். மானிட்டரைப் பார்த்தவள் வாசலருகிலேயே நின்றுவிட்டாள்.

"இது எப்படிண்ணா வந்துச்சு?"

"கார்டு மாத்திப் பாத்தேன். அந்தப் பதினாறு ஜிபி." துடைக்கிற துணியைக் கையில் எடுத்தான். "தப்பு உன்மேல இல்லம்மா. அன்னைக்கு நீ சொன்னதுதான் சரி. நான் விளையாட்ட வச்சு அளந்தேன். உன் ஃபைல ஒருதடவகூடத் திறந்து பாக்கல."

திட்டுவாள் என்று எதிர்பார்த்தான். திட்டினால் நன்றாக இருக்கும் போலவும் இருந்தது.

"ஒவ்வொண்ணா எடுக்கறப்போ, அளவு தெரியாம இவ்ளோ சேத்துட்டோமேன்னு என்னையே திட்டிக்குவேன்" என்றாள். "அந்த ஸ்வெட்டர் நாற்காலியதான் கடைசியா எடுத்தேன். மனசே வரல."

அவனுக்குக் கண் கலங்கியது. துடைக்கிற துணியை மடித்தான், பிரித்தான், மறுபடி மடித்தான்.

அவள் பொட்டலத்தை மேசைமேல் வைத்துவிட்டு மானிட்டருக்குப் பக்கத்தில் வந்து குனிந்தாள். வெகுநேரம் பார்த்தாள்.

"அந்தத் தொங்குற விளக்கு கொஞ்சம் கீழ வரணும்."

ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். மவுஸைப் பிடித்து விளக்கை ஒரு சாண் இறக்கிவிட்டு மறுபடி ஓடவிட்டாள். படம் அழிந்து திரை கறுப்பானது. விசிறி இரையத் தொடங்கியது.

வெளியே ஸ்கூட்டர் வந்து நின்றது. வாங்க வந்தவர் உள்ளே தலையை நீட்டி, "மெஷின் ரெடியா சார்?" என்றார்.

அண்ணன் அவளைப் பார்த்தான். அவள் திரும்பவில்லை. திரையில் முதலில் கூரை வந்தது, பிறகு ஜன்னல்களின் மேல்பாதி. நாற்காலிகள் இன்னும் வரவில்லை.