மொழிபெயர்ப்பில் விட்ட ஒரு வசனம்

1.
குற்ற உணர்வில் பிறந்த கதை இது. 2007இல் கண்டி ஆஸ்பத்திரி ஒன்றில் நான் தாதி, யாழ்ப்பாணத்துக்காரி. ஒரு தாய்க்கு மருத்துவர் சொன்ன மூன்று வசனங்களில் இரண்டைத்தான் தமிழில் சொன்னேன்.

2.
முதல் தொடக்கம்: கட்டுகஸ்தோட்டைப் பாலத்தில் பஸ்ஸை மறித்த சிப்பாய், என் அடையாள அட்டையில் யாழ்ப்பாணம் என்று இருந்ததைப் பார்த்துவிட்டு என்னை மட்டும் இறக்கி...

(வேண்டாம். நடந்ததுதான். அன்று ஒரு மணித்தியாலம் பிந்தித்தான் வேலைக்குப் போனேன். ஆனால் இது என் கதை இல்லை.)

இரண்டாம் தொடக்கம்: கண்டிக்குப் பக்கத்து மடவளைக் கைரியாவின் மகள் ருக்கியாவுக்கு ஒன்பது வயது. நாலு படி ஏறினால் உதடு நீலமாகிவிடும். இதயத் தசை இறுகி, விரிய மறுத்தது.

இது இருக்கட்டும்.

3.
மருத்துவர் சிங்களவர். தாய்மொழியில் சொன்னால் நல்லது என்று என்னைக் கூப்பிட்டார். இதயத்தை மாற்றவேண்டும், அதற்குச் சென்னைக்குத்தான் போகவேண்டும் என்றார். ஆனால் பல வருட அழுத்தத்தில் நுரையீரலின் இரத்தக் குழாய்கள் இறுகிவிட்டன; மருந்துக்கு அவை இளகுகின்றனவா என்று பார்க்கவேண்டும். இளகாவிட்டால், அந்த எதிர்ப்பைத் தள்ளிப் பழகாத புதிய இதயம் சத்திரசிகிச்சை மேசையிலேயே நின்றுவிடும்; அதனால் எவரும் மாற்ற முன்வரமாட்டார்கள்.

கடைசி வசனத்தை விழுங்கிவிட்டேன்.

"மருந்து குடுத்துப் பாப்பினம். இளகினால் சென்னைக்குப் போகலாம்" என்றேன். கைரியா தலையாட்டினார்.

[இங்கே என்னை நல்லவளாகக் காட்டும் பந்தி ஒன்று இருந்தது. வெட்டிவிட்டேன்.]

4.
தொடை வழியாகக் குழாய் செலுத்தி நுரையீரல் அழுத்தத்தை அளந்தார்கள். போதிய அளவு இளகவில்லை. ஐந்து மாதம் மாத்திரை கொடுத்து மறுபடி அளந்தபோது, இதயம் மாற்றலாம் என்ற எல்லைக்குச் சற்றுக் கீழே வந்திருந்தது. சென்னைக்குப் புறப்படுமுன் பயணம் சொல்ல வந்த கைரியா என்னைத் தனியே கூப்பிட்டார்.

"எனக்குச் சிங்களம் நல்லா வெளங்கும் மிஸ். டாக்டர் சொன்னதெல்லாம் அண்டைக்கே வெளங்கிச்சி. நீங்களும் அதச் சொல்லியிருந்தா, எனக்கு எழும்பி ஊட்டுக்குப் போக ஏலாமப் போயிருக்கும்."

சுற்றிலும் சிங்கள ஊர்கள் உள்ள மடவளையில் வளர்ந்தவருக்குச் சிங்களம் தெரியாமல் இருக்குமா என்று நான் யோசித்திருக்கவே இல்லை.

5.
என் முதல் வரைவில் ருக்கியா இறந்துபோனாள். கதைக்கு அது எடுப்பாக இருந்தது. நடந்தது வேறு. இரண்டு மாதம் காத்திருந்த பிறகு சென்னையிலேயே ஒரு பிள்ளையின் இதயம் கிடைத்தது. பயந்தபடியே, பொருத்தியதும் அதன் வலப்பக்கம் வீங்கியது. மூன்று நாள் இயந்திரம் தாங்கிப் பிடித்தது. நாலாம் நாள் இதயம் தானாகவே அடித்தது.

ஊர் திரும்பிய கைரியா, அந்தப் பிள்ளையின் தாய்க்குக் கடிதம் எழுதித் தரச்சொன்னார். பெயர் தெரியாது, சென்னை ஆஸ்பத்திரி மூலம் அனுப்பவேண்டும். நான் ஆறுதலாக நாலு வரி எழுதி வாசித்துக் காட்டினேன். அவர் தாளை மெல்ல என் பக்கம் தள்ளினார்.

"இந்த மொற ஒண்டையும் உடாம எழுதுங்க மிஸ்."

பல தாள் கிழித்துவிட்டேன். கடைசித் தாளில் இவ்வளவுதான் இருக்கிறது. மிச்சத்தை எழுத உங்களால் முடியுமா, பாருங்கள்:

அன்புள்ள சகோதரிக்கு, எங்கள் மகளுக்கு ஓர் இதயம் வரவேண்டும் என்று நாங்கள் ஒவ்வொரு நாளும் இறைவனிடம் துஆக் கேட்டோம். அப்போது உங்கள் பிள்ளை