மகமை நோட்டு

மெஹராஜ் பேகம் இத்தா இருக்கத் தொடங்கிய அறுபத்திரண்டாம் நாள், அவளுடைய கணவர் மஸ்தான் பெயருக்குத் திருநெல்வேலி வருமான வரி அலுவலகத்திலிருந்து ஓர் அறிவிப்பு வந்தது. மூன்றாண்டுக் கணக்குகளுடன் முப்பத்தைந்து நாளுக்குள் வர வேண்டும் என்று, மண்ணுக்குள் போய்விட்ட மனிதரை அது அழைத்தது. வர இயலாதவர் தம் சார்பில் கணக்கறிந்த ஒருவரை அனுப்பலாம் என்று அடியில் பொடியெழுத்தில் ஒரு சலுகையும் இருந்தது.

கணவனை இழந்த முஸ்லிம் பெண் நான்கு மாதமும் பத்து நாளும் வீட்டைவிட்டு வெளிவராமலும் அயல் ஆடவர் முன் தோன்றாமலும் இருக்கும் காலமே இத்தா. ஆகவே அவள் போவதற்கில்லை. போகாதிருந்தால் அதிகாரி தம் மதிப்பீட்டில் வரி போடுவார். அந்த வரியைக் கட்டச் சரக்கு வைக்கும் கிட்டங்கியை விற்க வேண்டும். கிட்டங்கி போனால் கடையும் போயிற்று.

கடை என்பது கோவில்பட்டிச் சந்தைத் தெருவில் இருந்த கமிஷன் கடை. கரிசற்காட்டு மிளகாய் வற்றலையும் பருத்தியையும் விற்றுக் கொடுத்துத் தரகு பெறுவது தொழில். கடைக்குப் பின்கட்டே வீடு. நடுவில் ஒரு பச்சைத் திரை. அத்திரைக்கு இப்பால் இருந்தபடியே, உள்ளே வந்த ஒரு பிடி வற்றலை முகர்ந்தும் நொறுக்கியும், “இதுல ஈரம் இருக்கு, ரெண்டு வெயில் காணட்டும்” என்று இருபது ஆண்டுகளாகத் தரம் சொல்லி வந்தவள் மெஹராஜ். வாங்க வந்தவர்களும் அந்தக் குரலைக் கேட்டே விலை வைத்தார்கள்.

அறிவிப்பு வந்த மறுநாளே மஸ்தானின் தம்பி ஜஹாங்கீர், ராஜமணி என்பவரை அழைத்துவந்து திரைக்கு முன் உட்கார வைத்தான். அரசாங்கக் காகிதம் எதுவானாலும் அதைச் ‘சரிக்கட்டி’த் தருவது ராஜமணியின் பிழைப்பு. பொய்யை விற்று வாழ்கிறவனுக்கு நாற்காலி போட்டுக் காப்பியும் கொடுத்து ‘அண்ணாச்சி’ என்று அழைக்கும் ஊர், பின்னர் நியாயம் செத்துவிட்டது என்று புலம்புவானேன்?

“பழைய பேரேட்டத் தூக்கி அடுப்புல போடுங்கம்மா,” என்றார் ராஜமணி. “மூணு வருசத்துக்கும் புதுசா எழுதித் தாரேன். தேயிலத் தண்ணி தெளிச்சு வெயில்ல காய வச்சா, முப்பது வருசக் கணக்கு மாதிரி பழுப்பேறிரும்.”

“மூணு வருசக் கணக்கு முப்பது வருசக் கணக்கு மாதிரி இருந்தா, ஆபீசர் கேக்க மாட்டாரா அண்ணாச்சி?” என்றது திரை.

எடை போட்டுக்கொண்டிருந்த கொம்பையா தராசை விட்டுவிட்டுச் சிரித்தான். ராஜமணி காப்பியைக் குடித்து முடித்துப் போனார், அப்புறம் வரவில்லை.

மெஹராஜ் வேறொரு வழி பார்த்தாள். மணியாச்சி ஜங்ஷனில் சரக்கு எழுத்தராக இருந்த வேணுகோபால் மஸ்தானின் நெடுநாள் நண்பர். அவருக்கு ஒரு கார்டு எழுதினாள். மூன்றாம் நாள் விடை வந்தது: பாளையங்கோட்டையில் இராமச்சந்திரன் என்றொரு கணக்கர் இருக்கிறார், வலக்கால் வழங்காதவர், வெளியூர் வருவதில்லை, எல்லாம் தபாலில்தான். ‘என் மைத்துனர் கடைக் கணக்கு ஆறாண்டாக அவரிடம் இருக்கிறது. நாங்கள் யாரும் அவரைப் பார்த்ததில்லை.’

நான்கு பேரேடுகளும் விற்பனைச் சீட்டுகளின் அடிக்கட்டைகளும் பாளையங்கோட்டைக்குப் போயின. ஒரு வாரத்தில் பற்றுச்சீட்டு வந்தது. ஏடுகளின் எண்ணிக்கையோடு, ‘இரண்டாம் பேரேட்டின் நூற்றுப் பன்னிரண்டாம் பக்கத்தை எலி கடித்திருக்கிறது, என் வீட்டு எலி அன்று’ என்றும் அதில் எழுதியிருந்தது. நெடுநாளைக்குப் பின் மெஹராஜ் அன்று புன்னகைத்தாள்.

அடுத்த கடிதம் புன்னகைக்க இடம் தரவில்லை.

‘அம்மையீர், சரக்குக் கொண்டுவந்த காட்டுக்காரர்களுக்குக் கொடுத்த சீட்டுகளின் அடிக்கட்டைகளையும் பார்த்தேன். மூட்டைக்குப் பத்துப் பைசா பிடித்திருக்கிறது. மூன்றாண்டில் ஆயிரத்து நூற்று அறுபத்து நான்கு ரூபாய். பேரேட்டில் அந்த வரவு இல்லை. இதைக் கண்டுபிடிக்க அதிகாரிக்கு அரைநாள் போதும். ஆகவே நான் முந்திக்கொண்டு கேட்கிறேன். ஒன்றை மறைத்தவர் ஒன்பதை மறைத்திருப்பார் என்று அவர் கணக்கு முழுவதையும் தள்ளிவிடக் கூடும். அப்பணம் எங்கே போயிற்று? சொல்ல விருப்பமில்லையாயின் சொல்ல வேண்டா. பொய் மட்டும் எழுதாதீர்கள். எழுதினால் நான் விலகிக்கொள்வேன். காரணத்தை எவரிடமும் சொல்ல மாட்டேன்.’

பணம் எங்கே போயிற்று என்பது அவளுக்குத் தெரியும். அது மகமை. தருமத்துக்கென்று மூட்டைக்கு இவ்வளவு என வணிகர்கள் பிடிக்கும் காசு, பிறர் கடைகளிலிருந்து அது கொடுத்தவர் பெயர்ப்பலகையோடு கோயிலுக்கும் பள்ளிக்கும் போகும். மஸ்தானோ கொடுப்பதை எழுதிக் காட்டினால் அது கொடுத்ததாகாது என்ற கட்சிக்காரர். ஆதலால் பேரேட்டில் ஏற்றவில்லை. ஆனால் ஊரார் காசாயிற்றே என்று, தமக்கும் அல்லாவுக்குமாக ஒரு தனி நோட்டு வைத்திருந்தார். அது டிரங்குப் பெட்டியில் தொழுகைப் பாயின் அடியில் கிடந்தது.

அவர் உயிரோடிருந்தவரை அவள் அதைத் திறந்ததில்லை. இப்போது திறந்தாள். பத்திரகாளிக்குக் கண் வைத்தியம், இருபத்தைந்து. முத்துத்தாய்க்கு ஆட்டு நோய் மருந்தும் தீனியும், முப்பது. தெற்குத் தெருவில் கோட்டு மாட்டாமல் வாசலுக்கே வராத ஒரு பெரிய மனிதருக்கு மாதந்தோறும் அரிசி. நாற்பத்தோரு வீட்டு மானம் அந்த நாற்பத்தெட்டு ஏடுகளுக்குள் இருந்தது. முப்பத்தோராம் ஏட்டில் அவள் விரல் நின்றது. ‘தம்பி ஜஹாங்கீர். மகள் வயிற்று ஆபரேஷன். 180. இது மகமையில் சேராது. என் கணக்கிலிருந்து ஈடுகட்ட வேண்டும்.’ ஈடுகட்டுமுன் அவர் போய்விட்டார்.

வளையலை விற்று மகளைக் காப்பாற்றியதாக ஜஹாங்கீரின் மனைவி ஊரெல்லாம் சொல்லியிருந்தாள்.

நோட்டு ஒன்று உண்டு என்று மட்டும் மெஹராஜ் எழுதினாள். விடை உடனே வந்தது. ‘அதிகாரிக்கு வேண்டியது காசு வந்ததும் போனதுமே. பெயர்களை மறைத்துக் காட்ட இசைவு கேட்கலாம். அவர் மறுத்தால் நோட்டைக் காட்டாமலே திருப்பி அனுப்பிவிடுவேன், வரியைக் கட்ட வேண்டியதுதான். ஆனால் மறைக்குமுன் ஒருவர் படித்தாக வேண்டும். பெற்றவர் வெளியாரா, வீட்டாரா என்று தெரியாமல் நான் வாதிட மாட்டேன். முழு நோட்டும் வேண்டும். ஓர் ஏடு குறைந்தாலும் அது எனக்குப் பயன்படாது.’

ஜஹாங்கீர் கடிதத்தைப் படித்துவிட்டுக் குதித்தான்.

“முகந்தெரியாத ஒருத்தங்கிட்ட ஊர் மானத்தையே கெட்டி அனுப்புவீங்களா மதினி? நீங்க பாத்ததில்ல, அந்த மணியாச்சிக்காரரும் பாத்ததில்ல. நெட்டையா குட்டையான்னு சொல்ல ஒரு ஆளு உண்டா? பேயின்னாக்கூட கால் தரையில பாவாதுன்னு ஒரு அடையாளம் சொல்லுதாவ!”

“எம் முகத்த இந்தச் சந்தையில எத்தன பேரு பாத்திருக்காவ தம்பி? எம் பேச்ச நம்பித்தான இருவது வருசமா வத்தல் வாங்கிட்டுப் போறாவ?”

“அது வேற.”

“என்ன வேற?”

அவன் செருப்பை மாட்டிக்கொண்டு போனான். அவன் வாயை அடைத்த அந்தக் கேள்வி அவள் மனத்தை அடைக்கவில்லை. அவள் தரம் பிழைத்தால் ஒரு மூட்டை வற்றலோடு போகும். இதுவோ நாற்பத்தோரு வீடு. அந்தக் கோட்டுக்காரர் பெயர் வெளியே கசிந்தால் அவர் மறுநாள் கண் விழிப்பாரா? ஒருமுறை முப்பத்தோராம் ஏட்டை விரலிடையில் பிடித்தாள். தையல் நூலை அறுத்தால் போதும். அவ்வளவு தொலைவிலிருக்கும் மனிதருக்கு எப்படித் தெரியும்? மறுபக்கத்தைப் புரட்டினாள். அங்கே வேறு நான்கு பெயர்கள் இருந்தன. நோட்டை மூடிப் பாயின் அடியில் வைத்தாள். இரண்டு நாள் அப்படியே கிடந்தது.

மூன்றாம் நாள் காலையில் முத்துத்தாய் வந்தாள். கயத்தாற்றுப் பக்கத்தவள், கோனார் வீட்டுப் பெண், மெஹராஜின் வயதுதான் இருக்கும். அவளும் அவள் கணவனும் தங்கள் ஆடுகளோடு ஊரார் ஆடுகளையும் பங்கு வாரத்துக்கு வாங்கி மேய்ப்பவர்கள். ஈனும் குட்டிகளில் பாதி அவர்களுக்கு. ஒரு செம்பு பாலைத் திரைக்குள் நீட்டிவிட்டு, பெண்ணாகையால் தானும் உள்ளே வந்து உட்கார்ந்தாள்.

“நாளக் கழிச்சு ஆட்டுக் கிடைய எடுக்குதோம் யம்மா. ஸ்ரீவைகுண்டம் வயக்காட்டுக்கு. இனி மழைக்குத்தான் வருவோம்.”

“மத்தவிய ஆட்டையுமா ஓட்டிட்டுப் போறீய?”

“பின்ன? அவிய ஆட்ட மட்டும் ரயிலேத்தியா அனுப்ப முடியும்?”

“ஆறு மாசம் ஒங்க மூஞ்சியப் பாக்காம எப்படித்தான் நம்பி விடுதாவளோ!”

“மூஞ்சியப் பாத்தா யாரு விடுவா? எம் மாப்பிள மூஞ்சியப் பாத்தா ஒரு கோழியக்கூட நம்பி விடமாட்டாவ,” என்று முத்துத்தாய் சிரித்தாள். “ஆடு செத்துட்டா காத அறுத்துக் கொண்டாந்து குடுக்கணும். காதுல அவிய அவிய வெட்டு அடையாளம் இருக்கும்லா.”

“வித்துத் தின்னுட்டு, செத்துப் போச்சுன்னு காத மட்டும் கொண்டாந்தா?”

“அதுஞ் செய்வாவ, கள்ளப் பயலுவ. அதனாலதான், கேக்கதுக்கு முன்ன காதக் கொண்டாரவனா, கேட்ட பொறவு தேடுதவனான்னு பாக்கது. முந்திக் கொண்டாரவங்கிட்டதான் அடுத்த வருசமும் ஆடு விடுவாவ.” எழுந்தபோது சேலையைத் தட்டிக்கொண்டே, “என்ன யம்மா, ஆடு கீடு வாங்கப் போறீயளா?” என்று கேட்டாள்.

“இல்ல முத்துத்தாயி. ஒன்னு விடலாமான்னு பாக்குதேன்.”

அவள் போன பின் மெஹராஜ் கணக்கரின் கடிதத்தை மீண்டும் எடுத்தாள். ‘ஆகவே நான் முந்திக்கொண்டு கேட்கிறேன்’ என்ற வரியை இருமுறை படித்தாள். பிறகு உட்கார்ந்து நோட்டுக்கு ஏட்டு எண் இட்டாள். ‘நாற்பத்தெட்டு ஏடுகள். ஒன்றும் குறையவில்லை. முப்பத்தோராம் ஏட்டில் உள்ளவர் என் கொழுந்தனார்’ என்று ஒரு தாளில் எழுதினாள்.

அன்று மாலை ஜஹாங்கீரின் பேச்சு மாறியிருந்தது.

“அனுப்பத்தான் போறீங்கன்னா எங்கையில குடுங்க மதினி. ராவுக்கு வத்தல் லாரி கயத்தாறு வழியாப் பாளையங்கோட்டைக்குப் போவுது. நானே நேர்ல குடுத்துட்டு, அந்த ஆள் மூஞ்சியையும் பாத்துட்டு வாரேன்.”

திரையின் ஓரத்தை அவன் விரல்கள் பற்றியிருந்தன. அவை துணியைச் சுருட்டுவதை மெஹராஜ் உள்ளிருந்து பார்த்தாள். இத்தனை நாளும் அவன் அஞ்சியது கணக்கர் முகத்துக்கு அன்று, தன் பெயருக்கு. அதைச் சொல்லிக் காட்ட அவளுக்கு ஒரு நொடி ஆகாது. சொல்லவில்லை.

“ஏடு நாப்பத்தெட்டு. எண்ணி எழுதியாச்சு தம்பி. கொம்பையா மத்தியானமே ரிஜிஸ்தர் பண்ணிட்டு வந்துட்டான்,” என்றாள் மெல்ல.

விரல்கள் திரையை விட்டன.

விசாரணை நாள் வந்தது, போயிற்று. பாளையங்கோட்டையிலிருந்து ஒரு வரிகூட இல்லை. கடையில் எடை போடும் ஓசை கேட்கும்போதெல்லாம் அவளுக்கு அந்த நாற்பத்தோரு பேரும் வாசலில் வரிசையாக நிற்பதுபோலிருந்தது. ஜஹாங்கீர் வந்தான், இருந்தான், போனான். ஒன்பதாம் நாள் தபால்காரர் கட்டொன்றைக் கொண்டுவந்தார்.

பேரேடுகளின் மேல் நோட்டு இருந்தது. திறந்தாள். ஒவ்வொரு பெயரின் மேலும், விரற்கடை அகலத்தில் வெள்ளைத் தாள் அளந்து ஒட்டியிருந்தது. தொகையும் தேதியும் அப்படியே தெரிந்தன.

‘அம்மையீர், கணக்கு ஏற்கப்பட்டது. பெயர்களை மறைக்க அதிகாரி முதலில் இசையவில்லை. பின்னர், தாம் விரும்பும் ஏதேனும் ஓர் இடத்தை மட்டும் உரித்துப் பார்ப்பதாகச் சொன்னார். பத்தொன்பதாம் ஏட்டைத் திறந்து உரித்தார். பார்த்தபின் பசை கேட்டு வாங்கி, அவரே திரும்ப ஒட்டினார். அது சற்றுக் கோணலாக இருப்பதற்குப் பொறுத்தருளுங்கள். முப்பத்தோராம் ஏட்டுத் தொகை மகமையாகாது. அதனைத் தங்கள் கணவர் வருமானத்தில் நானே சேர்த்துக் காட்டினேன். அதற்கு வரி பதினான்கு ரூபாய். மகமைக்குரிய நூற்றெண்பதை ஈடுகட்டுவது என் தொழிலின் பாற்பட்டதன்று. பெயர்களைப் படித்தேன், இனி அவை எனக்குத் தெரியா.’

பத்தொன்பதாம் ஏடு பத்திரகாளியின் கண் வைத்தியம். கோணல் தாளை மெஹராஜ் விரலால் ஒருமுறை தடவினாள்.

ஜஹாங்கீர் வந்ததும் நோட்டைத் திரைக்கு வெளியே நீட்டினாள். அவன் ஏடு ஏடாகப் புரட்டும் ஓசை கேட்டது. ஓரிடத்தில் நின்றது.

“நல்லா ஒட்டியிருக்காரு,” என்றான் கடைசியில்.

“ஆமா. வரி பதினாலு ரூவா வந்திருக்கு தம்பி. அத நீங்க கட்டிருங்க.”

இரண்டு ஐந்து ரூபாய்த் தாள்களும் நான்கு ஒற்றை ரூபாய்களும் திரையின் அடியில் வந்தன. செருப்பைத் தேடும் ஓசை கேட்டது.

அடுத்த மாதம் முதல் தேதி, திரையின் அடியில் மடித்த பத்து ரூபாய்த் தாள் ஒன்று கிடந்தது. வைத்தவர் யாரென்று கொம்பையாவுக்குத் தெரியவில்லை. மெஹராஜ் நோட்டை எடுத்தாள். புதிய ஏட்டில், மகமை வரவு பத்து என்று எழுதினாள். பெயர் எழுத வேண்டிய இடத்தில் ஒன்றும் எழுதாமல், வெள்ளைத் தாளில் விரற்கடை அகலத்துக்கு ஒரு துண்டை வெட்டி, பசை தடவி, கோணாமல் ஒட்டினாள்.