செங்கம்மாளின் ஞாயிற்றுக்கிழமை

மகாதேவனுக்கு அந்தச் சனிக்கிழமை இருப்புக் கொள்ளவில்லை. மறுநாள் டில்லி ஆர்.கே.புரத்தில் தமிழ்க்காரர்கள் நடத்தும் விவாதக் கூட்டம். நாட்டுக்கு ஏற்றது முதலாளித்துவமா, சோஷலிசமா? சோஷலிசத்துக்கு அவர்தான் பேச்சாளர். வேறு யார்? அமைச்சகக் குமாஸ்தாக்கள் சங்கத்துக்கு ஒன்பது வருஷமாகச் செயலாளர். அறுபத்தெட்டில் நடந்த மத்திய சர்க்கார் ஊழியர் ஸ்டிரைக்கில் சஸ்பெண்ட் ஆகி ஐந்து மாதம் வீட்டில் உட்கார்ந்தவர். அந்த ஐந்து மாதத்தைப் பற்றி ஆரம்பித்தால் லேசில் நிறுத்தமாட்டார் என்பது வேறு விஷயம்.

ஆனால் அவரைப் படுத்தியது விவாதம் அல்ல. காலையில் பாத்திரம் தேய்க்க வந்த செங்கம்மாள், விறைத்துப்போன கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு, "இனிமே ஞாயித்துக்கிழமை வரமாட்டமுங்க. பதினோரு பேரும் பேசி வெச்சிருக்கோம்" என்று சொல்லிவிட்டாள். பதினோரு பேரும் முனிர்கா பக்கத்துக் குடிசைகளிலிருந்து வரும் சேலத்துப் பெண்கள். மகாதேவன் குடியிருந்த சர்க்கார் குவார்ட்டர்ஸ் முழுக்க அவர்கள் கையில்தான் ஓடிக்கொண்டிருந்தது.

பத்து மணிக்கெல்லாம் மாமிகளும் பஞ்சாபி அம்மாள்களும் மகாதேவன் வீட்டில் கூடிவிட்டார்கள். ஞாயிறு வராதவளுக்குத் திங்கள் வேலை கிடையாது. ஒரு வீடு நிறுத்தியவளை இன்னொரு வீடு சேர்க்கக் கூடாது. முடிவு எடுத்தாகிவிட்டது, அதை அறிவிப்பாக எழுத ஆள் வேண்டும்.

"டிராஃப்ட் போடறதுல நீங்கதானே புலி? எழுதிக் குடுங்கோன்னா" என்றாள் அவர் மனைவி காமாக்ஷி.

"நாளைக்கு நான் என்ன பேசப்போறேன்னு தெரியுமோல்லியோ?"

"பேசிட்டு வந்து பாத்திரம் தேய்ப்பேளா?"

 வீட்டு வேலை தொழிற்சாலை இல்லையே என்று நினைத்துப் பார்த்தார். பதினாலு நாள் நோட்டீஸ் கொடுக்காமல் வேலையை நிறுத்துவது முறையில்லையே என்றும் நினைத்தார். பாத்திரம் தேய்ப்பவளிடம் பதினாலு நாள் நோட்டீஸ் எதிர்பார்க்க டில்லிக் குமாஸ்தாவால்தான் முடியும். சங்கத்துக்கென்று வாங்கி வீட்டில் வைத்திருந்த டைப்ரைட்டரில், கார்பன் வைத்து, அறிவிப்பை இங்கிலீஷில் நாலு காப்பி அடித்தார். நாலு மாடிப்படியிலும் ஒட்டினார்கள். கையெழுத்து மட்டும் போடவில்லை, அதில் கவனமாக இருந்தார்.

விஷயம் வாய்வழியாகக் குடிசைகளுக்குப் போயிற்று. ஞாயிறு காலையில் பத்துப் பேர் முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு வேலைக்கு வந்துவிட்டார்கள். செங்கம்மாள் மட்டும் வரவில்லை. மகாதேவனுக்குப் பழைய ஸ்டிரைக் ஞாபகம் வந்தது. அறுபத்தெட்டில் அவர் செக்‌ஷனில் இருபது பேர் சத்தியம் செய்துவிட்டு, பத்தொன்பது பேர் உள்ளே போய் ரிஜிஸ்டரில் கையெழுத்துப் போட்டார்கள். கேட்டுக்கு வெளியே நின்றவர் அவர் ஒருவர்தான்.

சாயங்காலக் கூட்டத்தில் எதிரணி ஜனக்புரி ராஜாராமன், பாங்க் அதிகாரி. "சங்கம் என்பது நாற்காலி கிடைத்தவர்கள் நாற்காலியைக் காப்பாற்றிக்கொள்ள வைத்திருப்பது. உங்கள் வீட்டில் பாத்திரம் தேய்ப்பவளுக்கு அதில் இடம் உண்டா, மிஸ்டர் மகாதேவன்?" என்று மடக்கினார்.

 மகாதேவனுக்குப் பழக்கம் கைகொடுத்தது. "இன்றைக்கு இல்லை. ஆனால் அவர்கள் சங்கம் வைக்கட்டும், முதல் மாலை நான் போடுகிறேன்! தனியாக நிற்கிறவளுக்குத் துணையாக நான் நிற்கிறேன்!" என்று முழங்கினார். கைதட்டல் அடங்க வெகுநேரம் ஆயிற்று. சோஷலிசம் ஜெயித்தது. 

திங்கள் காலை, வேலைக்குத் திரும்பிய பத்துப் பேரில் ஒருத்தியான வேலம்மாள் அவர் வீட்டுக் குழாயடியில் தேய்த்துக்கொண்டிருந்தாள். வாசலில் செங்கம்மாள் நின்றாள். கையில் மாடிப்படியிலிருந்து கிழித்த காகிதம்.

"எல்லாருமா எடுத்த முடிவு, நான் என்னடி பண்ண?" என்று சொல்லிவிட்டுக் காமாக்ஷி உள்ளே போய்விட்டாள்.

"அய்யாவைத்தான் பாக்க வந்தேன். இதுல என்ன போட்டிருக்குதுன்னு படிச்சுச் சொல்லுங்க" என்று செங்கம்மாள் காகிதத்தை நீட்டினாள்.

ஆபீஸ் பஸ்ஸுக்கு நேரமாகிறது என்று சொல்லிப் பார்த்தார். அவள் நகரவில்லை. வேறு வழியில்லாமல் தமிழில் சொன்னார். இங்கிலீஷில் மிடுக்காக இருந்த வாக்கியங்கள் தமிழில் அசிங்கமாக இருந்தன. "வராதவளை நிறுத்திவிட வேண்டியது. அவளை வேறு யாரும் சேர்க்கக் கூடாது. யாருக்காகவும் இதை மாற்ற முடியாது."

செங்கம்மாள் தலையாட்டிக் கேட்டுக்கொண்டாள். "நேத்து லீவுன்னுட்டு மலைமந்திர் முருகன் கோயிலுக்குப் போனேனுங்க. வர்ற வழியில நீங்க மைக்குல பேசினீங்க, வெளிய நின்னு முழுசாக் கேட்டேன். அதான் பயப்படாம வந்துட்டேன். இதை எழுதினவங்க யாருங்கய்யா? நீங்க ஒரு வார்த்தை சொன்னாக் கேப்பாங்க."

 மகாதேவனுக்குப் பொய் ஒன்று வாய்வரை வந்தது. விழுங்கினார்.

"நான்தான் எழுதினேன், செங்கம்மா."

அவள் சிரித்துவிட்டாள். "போங்கய்யா, எனக்கு வேலையே போச்சு, நீங்க வேற வெளையாடிக்கிட்டு. யாருன்னு பேரைச் சொல்லுங்க."