ஊர்ப் பெயரை மறைத்தவர்கள்

என் அக்கா அதுபேலே, கிபோண்டோ என்ற ஊரில் அரசுப் பள்ளிக் கணக்கு டீச்சர். அவள் கணவரும் மகள் சேகேலாவும் நானும் இருப்பது நாட்டின் மறுகோடியில், துகுயுவில். அவள் இங்கே வர வேண்டுமானால், இங்கிருக்கும் கணக்கு டீச்சர் ஒருவர் கிபோண்டோவுக்குப் போகச் சம்மதிக்க வேண்டும். அப்படி ஆள் தேடுவதற்கென்றே ஒரு வாட்ஸப் குழு இருக்கிறது. இரண்டு வருடமாக அக்கா அதில் தேடிக்கொண்டிருந்தாள்.

மாலை வகுப்பில் தகவல்களை வகைபிரிக்கக் கற்றிருந்தேன். குழுவில் வந்தவற்றை எல்லாம் பிரித்துப் பார்த்தேன். போக விரும்பும் ஊரை எல்லோரும் தெளிவாக எழுதியிருந்தார்கள். இருக்கும் ஊர் மட்டும் பலருக்கும் மங்கல்: "நல்ல காற்றோட்டமான இடம்", "சாலை வசதி உண்டு." அக்காவும் "கிகோமா பக்கம், ஏரிக்கு அருகில்" என்றுதான் போட்டிருந்தாள்.

போன் செய்தேன். "அக்கா, உங்க ஊர்லேர்ந்து ஏரிக்கு எவ்வளவு நேரம்?"

"பஸ் வழியில படுத்துக்காம இருந்தா அரை நாள். ஏன்டா?"

"பக்கத்துலன்னு போட்டிருக்கியே."

"கிபோண்டோன்னு போட்டா எவ வருவா? மாப்பிள்ளை வழுக்கைக்குத் தொப்பி போட்டுக்கறதில்லையா, அது மாதிரிதான்."

"தொப்பியைக் கழட்டினதும் என்ன ஆச்சு?"

"எல்லாரும் ஓடிட்டாங்க" என்றாள் எரிச்சலாக.

பட்டம் வாங்கியவளுக்கு நான் யோசனை சொல்வதா என்று தயங்கினேன். ஆனாலும் கேட்டேன்: "அந்த ஊர்ல நல்லதுன்னு சொல்ல ஒண்ணுமே இல்லையா?"

"யாருடா சொன்னது? எங்க பிள்ளைங்க கணக்குல மாவட்டத்துலயே முதல்! இந்த ஊர்த் தேனை நீ நக்கியிருக்கியா?"

"அதையே எழுது."

எழுதினாள். கிபோண்டோ என்ற பெயர், மழையில் சேற்றில் சிக்கும் பஸ், தேன், பிள்ளைகளின் மதிப்பெண், போக வேண்டிய ஊர் துகுயு, எல்லாமே இருந்தன. "டீச்சர், இது விளம்பரமா எச்சரிக்கையா?" என்று குழுவே சிரித்தது. அக்காவைக் கேலிப்பொருளாக்கிவிட்டேனோ என்று எனக்குச் சோறு இறங்கவில்லை.

சனிக்கிழமை புகுரு என்ற டீச்சர், பதிவில் அக்கா கொடுத்திருந்த என் எண்ணுக்கு அழைத்தார். அவர் பிறந்ததும் கணவர் வேலை பார்ப்பதும் கிபோண்டோவில். "எங்க ஊர்ப் பேரைப் போட்டுத் தேடித் தேடி அலுத்துட்டேன். ஒருத்தர்கூட எழுதல."

"நீங்க எங்க இருக்கீங்க டீச்சர்?"

"துகுயு. ஓயாத மழைன்னு யாரும் வர மாட்டாங்களேன்னு, 'எம்பேயா பக்கம், குளுகுளு ஊர்'னு போட்டிருந்தேன்."

எம்பேயா நகரம் என்று நினைத்து அக்காவும் நானும் தாண்டிப்போன பதிவு அது; எங்கள் தேயிலைச் சரிவுக்கு அடுத்த சரிவில்தான் அவர் பள்ளி.

மூவரும் ஒரே அழைப்பில் பேசினோம். அக்கா உடனே சரி என்பாள் என்று நினைத்தேன். அவளோ, "காலையில மணி அடிக்கறதுக்கு முன்னாடி என் பிள்ளைங்களுக்குத் தனியா ஒரு வகுப்பு எடுக்கறேன். அதை விடாம நடத்துவீங்களா?" என்றாள். இந்தக் கேள்வியில் அவர் கோபித்துக்கொண்டு போய்விட்டால்?

"அதென்ன டீச்சர், எங்க ஊர்ப் பிள்ளைங்களை எனக்கே சிபாரிசு பண்றீங்க?" என்றார் புகுரு. "நான் கேக்கறேன். இங்க பொண்ணுங்க வடிவியல்ல புலி. மழைன்னு வகுப்பை ரத்து பண்ணுவீங்களா?"

"நானா? சேத்துல முழங்கால் வரைக்கும் நடந்து போய்ப் பாடம் எடுத்தவ நான்!"

மாறி மாறிப் பெருமை பேசினார்கள். இடையில் புக எனக்கு வழியில்லை. சத்தம் கேட்டு வந்த அத்தான், "பேச்சு முறிஞ்சுடுச்சா?" என்றார்.

"இல்ல அத்தான். ரெண்டு பேரும் அவங்கவங்க பிள்ளைங்களைக் கைமாத்தறாங்க."

கடைசியில் அக்கா தொண்டையைச் செருமிக்கொண்டாள். "சரி, வாங்க டீச்சர். உங்களை நம்பிப் பிள்ளைங்களை விட்டுட்டு வரலாம்."